வலி தராத நோய்க்கு நாள்தோறும் ஒரு மாத்திரை: கொலஸ்ட்ரால் மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

காய்ச்சல் மாத்திரையை உட்கொண்டால் சிறிது நேரத்தில் உடல் வியர்த்துச் சூடு தணிகிறது. வலி மாத்திரையின் பலனும் அவ்வாறே உடனே தெரிந்துவிடுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையின் நிலை வேறு. அதை உட்கொண்ட நாளிலும் உட்கொள்ளாத நாளிலும் உடலில் எந்த வேறுபாடும் தோன்றுவதில்லை. அதன் பலன், வராமற்போன ஒரு மாரடைப்பு. நேராமற்போன ஒரு பக்கவாதம். கண்ணுக்குத் தெரியாத இப்பலனை நம்பிப் பல ஆண்டுகள் மருந்து உட்கொள்வது எளிதன்று. இதனாலேயே பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் உடலில் ஆபத்தின் அறிகுறி தோன்றிய பின்னரும் யாரிடமும் சொல்லாமல் தொடர்கின்றனர். இரண்டும் தவறு. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் முதலிய தொழிற்பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் மனத்திற்கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

இம்மருந்து என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரால் உடலுக்குத் தேவையான பொருளே. நாம் உண்ணும் உணவிலிருந்து ஒரு பகுதி கிடைக்கிறது. பெரும்பகுதியை உடலே உருவாக்கிக்கொள்கிறது. அதை இரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்களுள் எல்.டி.எல். என்பது மிகும்போது, அது இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்து தடிப்பை உண்டாக்குகிறது. அத்தடிப்பு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால், இதயத்தில் மாரடைப்பும் மூளையில் பக்கவாதமும் நேர்கின்றன.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்றவை ஸ்டாட்டின் எனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கல்லீரல் கொலஸ்ட்ராலை உருவாக்கும் வழியில் ஒரு முக்கியமான படியை இவை தடுக்கின்றன. அப்போது கல்லீரல், தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, இரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. ஏற்கெனவே உள்ள தடிப்பு எளிதில் வெடிக்காதவாறு உறுதிப்படவும் இம்மருந்து துணைசெய்கிறது.

இக்குடும்பத்தின் முதல் மருந்துப்பொருளை 1970களில் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் பங்கேற்றனர். சிம்வாஸ்டாட்டின் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு படிக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெளிவாயிற்று.

தமிழ்நாட்டிலும் இம்மருந்துக்கு முதலுதவியில் ஓர் இடம் உண்டு. 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம் திட்டம்’ வழியாக, மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருவோருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. இது சுகாதார நிலையத்தில் நோயாளியைப் பார்த்தபின் தரப்படுவது. வீட்டில் நாமாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. நெஞ்சு வலி வந்தால் 108-ஐ அழைப்பதே முதற்கடமை.

எவ்வளவு குறைய வேண்டும்?

‘நார்மல்’ என்று ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் எண் எல்லாருக்கும் பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்துக் குறைந்தோர்க்கு எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் கீழும், நீரிழிவு போன்ற காரணங்களால் ஆபத்து மிகுந்தோர்க்கு 70-க்குக் கீழும், மாரடைப்போ பக்கவாதமோ முன்பே வந்தவர் உள்ளிட்ட மிக அதிக ஆபத்துடையோர்க்கு 55-க்குக் கீழும் இருத்தல் நலம். ஆகவே ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்கு 95 என்ற எண் வந்தால், தாளில் ‘நார்மல்’ என்று இருப்பினும், அவருக்கு அது போதாது. உங்கள் இலக்கு எண் யாது என்பதை மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டின் மேற்பகுதியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரையின் அளவை இருமடங்காக்கினால் பலனும் இருமடங்காகும் என்று கருத வேண்டா. அளவை இரட்டிப்பதால் எல்.டி.எல். மேலும் 6 விழுக்காடு அளவே குறைகிறது. பக்கவிளைவுக்கான வாய்ப்போ கூடுகிறது. எனவே ‘விரைவில் குறையட்டும்’ என்று தாமாக இரண்டு மாத்திரைகள் உட்கொள்வது பயனற்றது, தீங்கும் ஆகலாம்.

ஒரே மருந்து, மூன்று பெயர்கள்

நம் பகுதியில் மருந்து பல வழிகளில் வீட்டுக்கு வருகிறது. தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம் உண்டு. அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் உண்டு. அவசரத்துக்குத் தனியார் மருந்துக்கடை உண்டு. மலிவு விலைக்கு முதல்வர் மருந்தகமும் மக்கள் மருந்தகமும் உண்டு. ஒவ்வோரிடத்திலும் அட்டையின் நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. உள்ளே இருப்பதோ ஒரே அட்டோர்வாஸ்டாட்டினாக இருக்கலாம். இவற்றை வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் உட்கொள்வோர் உண்டு. ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒரே கேப்சூலில் கலந்து வருவதுண்டு. அதனுடன் தனி அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையையும் சேர்த்தால் அளவு கூடிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நேரலாம். மாரடைப்புக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர்க்குப் பெரும்பாலும் 40 அல்லது 80 மில்லிகிராம் எழுதப்படும். வேறோர் இடத்தில் 10 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும்போது, ‘அதே மருந்துதான்’ என்று நாளொன்றுக்கு ஒன்று மட்டும் உட்கொண்டால், அவருக்குத் தேவையானதில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சேரும். அட்டோர்வாஸ்டாட்டினுக்குப் பதிலாக ரோசுவாஸ்டாட்டின் தரப்பட்டால் கணக்கு மீண்டும் மாறும். ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமைவிட வலிமை மிக்கது.

இதற்குத் தீர்வு எளிது. மருந்து வாங்குமிடத்தில் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதனுள் உள்ள மருந்து எது? எத்தனை மில்லிகிராம்? என்னிடம் உள்ள வேறு எந்த மாத்திரையிலாவது இதே மருந்து இருக்கிறதா? விடையைத் தமிழில் அட்டையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவரைக் காண வரும்போது சீட்டை மட்டுமன்றி, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டுவாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் அப்பையைக் காட்டுங்கள்.

முறைப்பணி செய்வோர் எப்போது உட்கொள்வது?

அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடலில் நெடுநேரம் தங்கிச் செயல்படுபவை. அவற்றைக் காலையிலும் உட்கொள்ளலாம், இரவிலும் உட்கொள்ளலாம். உணவுக்கு முன்னும் பின்னும் உட்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே நேரமாக இருப்பதே வேண்டுவது. சாதாரண சிம்வாஸ்டாட்டின் மாத்திரை விரைவில் வெளியேறுவது. கல்லீரல் கொலஸ்ட்ராலை மிகுதியாக உருவாக்குவது இரவில். ஆகவே அதை மாலையிலோ இரவிலோ உட்கொள்வதே முறை.

வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு ‘படுக்கும் முன்’ என்ற அறிவுரை குழப்பத்தையே தரும். அவர் ஒரு வாரம் இரவு பத்துக்கும் மறுவாரம் காலை ஏழுக்கும் படுக்கிறார். எந்த ஷிப்டிலும் விழித்திருக்கும் ஒரு மணியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று ஷிப்ட் தொடங்கும் இடங்களில் இரவு 9 மணி பொருந்தும். முதல் ஷிப்ட்காரர் உறங்கும் முன்னும், இரண்டாம் ஷிப்ட்காரர் பணியிடத்திலும், மூன்றாம் ஷிப்ட்காரர் வீட்டை விட்டுப் புறப்படும் முன்னும் அதை உட்கொள்ளலாம். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்க. பணியிடத்துக்கு அன்றைய ஒரு மாத்திரையை மட்டும் உறையுடன் வெட்டி எடுத்துச் செல்க. வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் பெட்டியிலோ உலைக்கு அருகிலோ மாத்திரையை வைத்தல் கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருப்பின், விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் உட்கொள்க. ஈடுசெய்ய இரண்டு உட்கொள்ள வேண்டா.

உழைப்பின் வலியா, மருந்தின் வலியா?

இம்மருந்தைப் பற்றி மக்கள் மிகுதியாக அஞ்சுவது தசைவலியையே. அச்சத்துக்குச் சிறு அடிப்படை உண்டு; ஆயினும் அது பெரிதும் மிகைப்பட்டது. இலண்டனில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வைச் சான்றாகக் கூறலாம். பக்கவிளைவைக் காரணம் காட்டி ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் உண்மையான மாத்திரையும், சில மாதங்கள் மருந்தற்ற போலி மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமில்லாத காலி டப்பாவும் தரப்பட்டன. மாத்திரை உட்கொள்ளாத மாதங்களில் தொல்லை குறைவு. உண்மை மாத்திரை உட்கொண்டபோது நேர்ந்த தொல்லையில் 90 விழுக்காடு, போலி மாத்திரையை உட்கொண்டபோதும் நேர்ந்தது. அவர்கள் பட்ட துன்பம் உண்மையே. ஆனால் அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மாத்திரையிலுள்ள மருந்தன்று. இதை அறிந்தபின் அவர்களுள் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர்.

நம் பகுதியில் இவ்வினா மேலும் சிக்கலானது. இரும்புருக்கு ஆலையிலும் ரோலிங் மில்லிலும் பணிபுரிபவர்க்குத் தோளும் முதுகும் தொடையும் வலிப்பது இயல்பு. வெப்பத்தில் நின்று வியர்ப்பதால் சிறுநீர் அடர் மஞ்சளாவதும் இயல்பு. எதை உழைப்பின் விளைவென்று விடுவது, எதை மருந்தின் விளைவென்று ஐயுறுவது?

ஒரு பக்கத் தோள், ஒரு முழங்கால், சுமை தூக்கிய மறுநாள் வந்து ஓய்வில் தணியும் வலி ஆகியவை பெரும்பாலும் உழைப்பினால் வருபவை. இரு தொடைகளிலும், அல்லது இரு தோள்களிலும் ஒருசேர வலியோ சோர்வோ தோன்றுதல், அதுவும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தோன்றுதல், விடுமுறை நாளிலும் தணியாதிருத்தல், தரையிலிருந்து எழவும் படியேறவும் கைகளைத் தூக்கவும் வலுவின்றிப் போதல் ஆகியவை மருந்தை ஐயுறத் தக்கவை. இவை தோன்றினால் ஓரிரு நாளில் மருத்துவரைக் காண வேண்டும். அவர் சி.பி.கே. எனும் இரத்தப் பரிசோதனை செய்யக்கூடும். கடும் உடலுழைப்பே அந்த எண்ணை உயர்த்திவிடும். ஆதலால், நீங்கள் செய்யும் வேலை எத்தகையது, கடந்த இரண்டு மூன்று நாள்களில் ஓவர்டைம் செய்தீர்களா என்பவற்றை மறவாமல் கூறுங்கள்.

சிறுநீரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். போதிய நீர் பருகியபின் தெளியும் மஞ்சள் நிறம் நீர்க்குறைவைக் காட்டுவது. பால் கலக்காத தேநீரைப் போலவோ கோலா பானத்தைப் போலவோ பழுப்பாகச் சிறுநீர் வெளியேறி, அதனுடன் கடும் தசைவலியோ தளர்ச்சியோ இருந்தால் அது வேறு. தசைகள் சிதைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலையின் அடையாளம் அது. மிக அரிதாகவே நேர்வது. நேர்ந்தால் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. அப்போது மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, இரவாயினும் ஷிப்ட் நடுவிலாயினும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருத்தல் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

சேரக்கூடாத மருந்துகள்

2001-ஆம் ஆண்டில் செரிவாஸ்டாட்டின் எனும் மருந்து உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தசைச் சிதைவினால் நேர்ந்த இறப்புகளே காரணம். அதிக அளவில் உட்கொண்டோரும், ஜெம்ஃபைப்ரோசில் எனும் மற்றொரு கொழுப்பு மருந்துடன் சேர்த்து உட்கொண்டோரும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். இன்று வழக்கிலுள்ள ஸ்டாட்டின்கள் அதைவிடப் பாதுகாப்பானவை. ஆயினும், உடன் உட்கொள்ளும் வேறொரு மருந்து ஸ்டாட்டினை உடலில் தேங்கச் செய்யக்கூடும் என்பது அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

எனவே புதிதாக எந்த மருத்துவரிடம் சென்றாலும், ‘நான் கொலஸ்ட்ரால் மாத்திரை உட்கொள்கிறேன்’ என்று முதலில் கூறுங்கள். தொற்றுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரை முதலிய பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் இட்ராகொனசோல் ஆகியவற்றை உட்கொள்ளும் நாள்களில் அட்டோர்வாஸ்டாட்டினின் அளவைக் குறைக்கவோ, சிம்வாஸ்டாட்டினை நிறுத்திவைக்கவோ நேரும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் உட்கொள்பவர் சிம்வாஸ்டாட்டினை 20 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், அட்டோர்வாஸ்டாட்டினின் வலிமையைக் குறைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்குப் பருகும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துநீரை ரோசுவாஸ்டாட்டின் உட்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே பருக வேண்டும். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று விற்கப்படும் பொருளில் ஸ்டாட்டின் இயற்கையாகவே உள்ளது. அதையும் சேர்த்து உட்கொண்டால் அளவு மிகும்.

கல்லீரல், சர்க்கரை, கருவுறுதல்

மருந்து தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை செய்வது வழக்கம். சிலர்க்கு அதன் எண் சிறிது உயரும். அது பெரும்பாலும் தானே தணியும். ஆனால் கண்கள் மஞ்சளாதல், பசியின்மை, தொடர்ந்த வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றினால் உடனே வாருங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாள்களைக் கடத்த வேண்டா. மது கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

ஸ்டாட்டின் இரத்தச் சர்க்கரையைச் சற்றே உயர்த்தக்கூடும் என்பது உண்மை. நீரிழிவின் விளிம்பில் இருப்போர்க்கே இது பெரிதும் பொருந்தும். மாரடைப்பைத் தடுப்பதால் வரும் நன்மை இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே நீரிழிவு உள்ளவர் இதனை அஞ்சி நிறுத்தக் கூடாது.

கருவுற்றிருப்போரும், கருவுற எண்ணுவோரும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். அக்காலத்தில் பெரும்பாலோர்க்கு இம்மருந்து நிறுத்தப்படும். தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளோர்க்குக் கொலஸ்ட்ராலும் மிகும், தசைத் தொல்லையும் மிகும். முதலில் அதனைச் சரிசெய்ய வேண்டும். சிறுநீரக நோயாளிகளும் முதியோரும் மருந்தின் அளவைப் பற்றித் தனியே கேட்டறிய வேண்டும். ஆசிய மரபினர் உடலில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகத் தங்குவதால், குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம்.

‘ரிப்போர்ட் நார்மல் வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை?’

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் வினா இது. எண் குறைந்தது, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான சான்று. நோய் நீங்கியதற்கான சான்றன்று. நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய நிலைக்கே ஏறிவிடும். மாரடைப்பு வந்தவரும் ஸ்டென்ட் வைத்தவரும் தாமாக நிறுத்துவது மிக ஆபத்தானது. பண நெருக்கடியால் நிறுத்த நேர்ந்தால், அதனை வெட்கமின்றி எங்களிடம் கூறுங்கள். விலை குறைந்த பொதுப்பெயர் மாத்திரைக்கோ அரசு மருந்தகத்துக்கோ வழி காட்டலாம். பக்கவிளைவினால் நிறுத்த வேண்டியிருந்தாலும் வழிகள் உண்டு: அளவைக் குறைத்தல், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுதல், ஒருநாள் விட்டு ஒருநாள் தருதல், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்த்தல்.

ஒருவரின் மாத்திரையை மற்றொருவர் உட்கொள்வதும் தவிர்க்கத் தக்கது. ஒரே அறையில் தங்கிப் பணிபுரியும் தோழர்களிடையே இது அன்பின் பெயரால் நிகழ்கிறது. அவருடைய சிறுநீரகம், கல்லீரல், பிற மருந்துகள் உங்களுடையவை போன்றவை அல்ல. தமிழ் அறியாத வெளிமாநிலத் தோழர் உடனிருந்தால், மாத்திரையைப் பகிர்வதற்கு மாறாக, அவரை அழைத்து வந்து பரிசோதனை செய்ய உதவுங்கள்.

வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டிவைக்க

1. நாள்தோறும் ஒரே நேரம். மறந்தால் இரட்டை மாத்திரை வேண்டா.
2. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எனக்கும் என் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியும்.
3. எல்லா மாத்திரைகளும் ஒரே பையில். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அப்பை உடன் வரும்.
4. இரு தொடைகளிலும் தோள்களிலும் தணியாத வலி அல்லது வலுவின்மை: ஓரிரு நாளில் மருத்துவர்.
5. பழுப்புச் சிறுநீருடன் தசைவலி, மஞ்சள் நிறக் கண், முகமோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறல்: மாத்திரையை நிறுத்தி உடனே அவசரச் சிகிச்சை.
6. நெஞ்சு வலி, முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்: 108.
7. மற்ற எக்காரணத்துக்காகவும், மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதில்லை.

குடும்பத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாத அட்டையில் எத்தனை மாத்திரைகள் மீந்துள்ளன என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மீந்திருந்தால் கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். வலியா, விலையா, மறதியா, அச்சமா என்று அறிந்துகொண்டு, அடுத்த முறை வரும்போது எங்களிடம் கூறுங்கள். இந்நான்கில் எதுவாயினும் அதற்குத் தக்க வழியைச் சேர்ந்து தேடுவோம்.